வெளிநாட்டில் பாடம் நடத்தும் அமெரிக்கருக்கு வருமான வரி விலக்கு: நாள் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

"சம்பளத்துக்கு வரியே கிடையாது" என்று வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் சொல்வார். தென்கொரிய அரசுப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் சொல்லித்தர நான் கிளம்பியபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர்கள் பேசியது கொரிய வரியை. அமெரிக்க வரியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் ஆண்டு ரிட்டர்ன் ஃபைல் பண்ணாமலே விட்டுவிட்டேன். அதைச் சரிசெய்ய அலைந்தபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்கப் பாஸ்போர்ட்டோ கிரீன் கார்டோ வைத்துக்கொண்டு சியோலுக்கோ அபுதாபிக்கோ சென்னைக்கோ பாடம் நடத்தக் கிளம்புகிறவர்களுக்கு இது உதவும்.

அமெரிக்கா தன் குடிமக்களிடம் அவர்கள் எங்கே இருந்தாலும் வரி கேட்கும் நாடு. இப்படிக் குடியுரிமையைப் பிடித்துக்கொண்டு வரி கேட்கும் இன்னொரு நாடாக எல்லோரும் சொல்வது எரித்திரியாவை. மெக்சிகோவில் குடியிருந்த குக் என்ற அமெரிக்கர், மெக்சிகோவில் இருக்கும் சொத்தில் எனக்கு வரும் பணத்துக்கு நீங்கள் எப்படி வரி கேட்கலாம் என்று வழக்குப் போட்டார். கேட்கலாம் என்று 1924-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டே ஆண்டில், 1926-இல், வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்த பணத்துக்கு ஒரு விலக்கை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொண்டுவந்தது. பல மாற்றங்களுக்குப் பிறகு அதன் இன்றைய வடிவம் வரிச் சட்டத்தின் 911-ஆம் பிரிவில் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு வருமானத்தில் 1,30,000 டாலர் வரை, 2026-க்கு 1,32,900 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். ஆசிரியர் சம்பளத்துக்கு இது தாராளம்.

ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பார்களே, இங்கே பூசாரியின் பெயர் ஃபார்ம் 2555. ரிட்டர்ன் ஃபைல் பண்ணி, அதோடு இந்த ஃபார்மை இணைத்துக் கேட்டால்தான் விலக்கு. "எப்படியும் வரி பூஜ்யம்தானே, எதற்கு ஃபைல் பண்ண வேண்டும்" என்று நினைப்பதுதான் முதல் தப்பு. ஃபைல் பண்ண வேண்டுமா என்று பார்க்கும்போது விலக்குக்கு முந்தைய முழுச் சம்பளத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். தனி ஆளுக்கு 2025-இல் அந்த வரம்பு 15,750 டாலர். வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, தனியாக ஃபைல் பண்ணும் ஆசிரியருக்கு வரம்பு எவ்வளவு தெரியுமா? 5 டாலர். எழுத்துப்பிழை இல்லை, ஐந்தேதான்.

முதல் படி: சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது?

ஒப்பந்தத்தில் முதலாளி பெயர் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள். உள்ளூர் பள்ளியோ, சர்வதேசப் பள்ளியோ, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ என்றால் சிக்கலில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று வெளிநாட்டில் நடத்தும் வளாகத்தில் வேலை என்றாலும் வருமான வரி விலக்கு உண்டு. ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் பிடித்தம் மட்டும் அமெரிக்காவில் இருந்தது போலவே தொடரும்.

விலக்கே கிடைக்காத ஒரு கூட்டம் இருக்கிறது. அமெரிக்க அரசின் ஊழியர்கள். ஜெர்மனி, ஜப்பான், கொரியாவில் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்காகப் பாதுகாப்புத் துறை நடத்தும் பள்ளிகளில் வேலை செய்யும் ஆசிரியர்கள் இதில் வருகிறார்கள். ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் குடியிருப்பார்கள். ஒருவருக்கு விலக்கு உண்டு, மற்றவருக்குக் கிடையாது.

இரண்டாம் படி: டாக்ஸ் ஹோம்

உங்கள் வேலை எந்த ஊரில் வேரூன்றியிருக்கிறதோ அதுதான் டாக்ஸ் ஹோம். அது வெளிநாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்க வேலையை விட்டுவிட்டு, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறவருக்கு இதில் பெரும்பாலும் தொல்லை இருக்காது. மாட்டிக்கொள்வது சபாட்டிகல் எனும் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு கல்வியாண்டு மட்டும் போகும் பேராசிரியர்களும், அமெரிக்கப் பள்ளி வேலையை அப்படியே வைத்துக்கொண்டு விடுப்பில் போகிறவர்களும்தான். ஓராண்டோ அதற்குக் குறைவோ என்று நினைத்துப் போகும் வேலையைத் தற்காலிகம் என்று சட்டம் பார்க்கிறது. அப்போது டாக்ஸ் ஹோம் அமெரிக்காவிலேயே தங்கிவிடும், விலக்கும் போய்விடும். ஒன்பது, பத்து மாதத்துக்கு உதவித்தொகையில் பாடம் நடத்தப் போகிறவர்கள் இந்தப் படியையும் அடுத்த படியையும் கிளம்புவதற்கு முன்பே படிக்க வேண்டும். உதவித்தொகை என்ற பெயர் இருப்பதால் மட்டும் அந்தப் பணம் வரியிலிருந்து தப்பாது.

மூன்றாம் படி: 330 நாள்

எல்லாம் இதில்தான் நிற்கிறது, எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அடுத்தடுத்து வரும் 12 மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். முழு நாள் என்றால் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. லாஸ் ஏஞ்சலிஸில் விமானம் ஏறிய நாளும், பசிபிக் கடலுக்கு மேலே பறந்த நேரமும், சியோலின் இன்ச்சியோன் விமான நிலையத்தில் மாலையில் இறங்கிய நாளும் கணக்கில் வராது. மறுநாள்தான் முதல் நாள். ஆனால் ஒரு வெளிநாட்டிலிருந்து இன்னொரு வெளிநாட்டுக்குப் போகும்போது, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல் மேல் பறந்த நேரம் 24 மணிக்குள் இருந்தால் நாள் குறையாது. வழியில் அமெரிக்க விமான நிலையத்தில் 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறினாலும் குறையாது.

இந்தப் 12 மாதம் ஜனவரியில்தான் தொடங்க வேண்டும் என்றில்லை, நீங்கள் வந்து இறங்கிய நாளில் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. உங்களுக்கு வசதியான 12 மாதத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஓர் உதாரணம். ஓர் ஆசிரியை 2024 ஆகஸ்ட் 18 மாலை கொரியா வந்து சேர்ந்தார். முதல் முழு நாள் ஆகஸ்ட் 19. ஓராண்டில் 365 நாள், தேவை 330, ஆகக் கையிருப்பு 35 நாள். அந்த 35 நாளையும் முன்பக்கம் தள்ளிவிட்டால் அவருடைய 12 மாதம் 2024 ஜூலை 15-இல் தொடங்கி 2025 ஜூலை 14-இல் முடியும். அவர் அமெரிக்காவில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாட்களும் விலக்குக் காலத்துக்குள் வந்துவிடுகின்றன! 2024-இல் அவருக்கு 170 நாள் கிடைக்கிறது. அந்த ஆண்டின் உச்சவரம்பு 1,26,500 டாலர். லீப் ஆண்டு என்பதால் 366-ஆல் வகுத்து 170-ஆல் பெருக்கினால் சுமார் 58,757 டாலர். முன்பக்கம் தள்ளாமல் ஆகஸ்ட் 19-இலிருந்து எண்ணினால் 135 நாள்தான், வரம்பு சுமார் 46,660.

உண்மையைச் சொன்னால், மாதம் 24 லட்சம் வோன் வாங்கும் ஆசிரியைக்கு இரண்டில் எதுவானாலும் ஒன்றுதான். நாலரை மாதச் சம்பளம் 8,000 டாலர் பக்கம். வரம்பைத் தொடுவது பெரிய சர்வதேசப் பள்ளியில் தம்பதியாக வேலை செய்து, குடும்பத்தோடு இருப்பவர்களுக்குக்கூட அபூர்வம். தவிர வரம்பு ஆளுக்கு ஒன்று. நம்மைப் போன்றவர்களுக்குக் கேள்வி 330 தேறியதா இல்லையா என்பது மட்டும்தான். 329 என்றால் பாதி விலக்கு என்று கிடையாது. ஒன்றும் கிடையாது.

முன்பக்கம் தள்ளியதற்கு ஒரு விலையும் உண்டு. கையிருப்பு 35 நாளும் முன்னாலேயே செலவாகிவிட்டதால், 2025 ஜூலை 14 வரை அவர் அமெரிக்கப் பக்கமே தலைவைக்க முடியாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் 12 மாதத்தை ஒரு வாரம் பின்னால் நகர்த்திக்கொள்ள வேண்டும். விடுமுறையைத் திட்டமிடும்போதே இதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இப்போது என் கதை. கொரியாவில் குளிர்கால விடுமுறை வந்தால் ஆசிரியர்கள் கூட்டமாகக் கிளம்பும் இடங்களில் ஒன்று குவாம். நாலரை மணி நேரம் பறந்தால் வெயிலும் கடலும். நானும் போனேன். பாஸ்போர்ட்டில் முத்திரை, தங்கியது ஹோட்டல், எனவே அதுவும் வெளிநாடு என்றே மனதில் எழுதிக்கொண்டேன். குவாம் அமெரிக்கப் பிரதேசம். சைபானும் அப்படியே, போர்ட்டோ ரிக்கோவும் அப்படியே. ஹவாயைச் சொல்லவே வேண்டாம். அங்கே கழித்த நாள் ஒவ்வொன்றும் 330-இல் குறையும். எனக்கு 12 மாதத்தை நகர்த்தி எப்படியோ தேறியது. பாலிக்கோ வியட்நாமின் டா நாங்குக்கோ போயிருந்தால் அந்தக் கூத்தே இல்லை.

போர், கலவரம் போன்ற காரணத்தால் அவசரமாக நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் நாள் குறைந்தாலும் விலக்கு கொடுப்பார்கள். எந்த நாடு, எந்தத் தேதி என்று அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். ஆண்டுதோறும் அறிவிக்கும். கொரோனாவின்போது சீனாவுக்கு 2019 டிசம்பர் 1-இலிருந்தும் மற்ற நாடுகளுக்கு 2020 பிப்ரவரி 1-இலிருந்தும் அந்தச் சலுகை கிடைத்தது. உடம்பு சரியில்லை, அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனேன், பள்ளி வேலையை விட்டு நீக்கிவிட்டது என்பதெல்லாம் காரணமாக எடுபடாது.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள்

330 நாள் கணக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறவருக்குப் பொருந்தும், ஆசிரியருக்குப் பொருந்தாது என்று ஒரு நண்பர் சொல்வார். அபுதாபியிலோ பாங்காக்கிலோ சர்வதேசப் பள்ளியில் இருப்பவர் ஜூன் நடுவில் கிளம்பி ஆகஸ்ட் நடுவரை ஓஹையோவில் பெற்றோர் வீட்டில் இருப்பார். ஐம்பத்தைந்து, அறுபது நாள். 35-ஐத் தாண்டியாயிற்று.

இவர்களுக்காகச் சட்டத்தில் இரண்டாவது வாசல் இருக்கிறது: அந்த நாட்டில் உண்மையாகவே குடியிருப்பவர் என்று காட்டுவது. நாளை எண்ண மாட்டார்கள். வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். குடியிருப்பு விசா, வீட்டு ஒப்பந்தம், பிள்ளைகள் படிக்கும் பள்ளி, வங்கிக் கணக்கு, திரும்பி வருவதற்கு ஏற்கெனவே போட்ட அடுத்த ஆண்டு ஒப்பந்தம் எல்லாம் சாட்சி. நிபந்தனை என்னவென்றால், ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை ஒரு முழு ஆண்டு அந்தக் குடியிருப்புக்குள் அடங்கியிருக்க வேண்டும். இடையில் ஊருக்கு வந்து போகலாம். 2024 ஆகஸ்டில் போனவருக்கு இந்த வாசல் 2025 டிசம்பர் 31 அன்றுதான் திறக்கும். திறந்த பிறகு 2024 ஆகஸ்ட் வரைக்கும் பின்னோக்கிக் கேட்கலாம்.

ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. வேலை செய்யும் நாட்டின் வரி அலுவலகத்தில் "நான் இங்கே குடியிருப்பவன் அல்ல" என்று எழுதிக் கொடுத்து, அதன்பேரில் அந்த நாடும் உங்களைக் குடியிருப்பவராகக் கருதி வரி கேட்காமல் விட்டிருந்தால், இந்த வாசல் மூடிவிடும். அங்கே ஒரு பேச்சு, இங்கே ஒரு பேச்சு நடக்காது. பள்ளி நீட்டும் ஃபார்ம்களில் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

விடுமுறையில் ஊரில் சும்மா இருந்தால் சரி. அந்த இரண்டு மாதமும் பெற்றோர் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஆன்லைனில் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தந்தால், பணம் பெய்ஜிங்கிலிருந்து வந்தாலும் அது அமெரிக்காவில் சம்பாதித்த பணம். விலக்கில் சேராது. பணம் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் பார்ப்பதில்லை, வேலை செய்தபோது நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்பதுதான் கணக்கு.

நான்காம் படி: எதையெல்லாம் கழிக்கலாம்

உழைத்துப் பெற்றதை மட்டும். சம்பளம், போனஸ், பள்ளி கொடுத்த வீட்டின் வாடகை மதிப்பு, விமான டிக்கெட் பணம் எல்லாம் வருமானத்தில் சேர்ந்து, பிறகு விலக்கில் கழிந்துபோகும். வீட்டை இலவசமாகத்தானே கொடுத்தார்கள் என்று எழுதாமல் விடக் கூடாது. வங்கி வட்டி, பங்குகளின் டிவிடெண்ட், டெக்சஸில் வாடகைக்கு விட்ட வீடு, ஓய்வூதியம் இவற்றுக்கு விலக்கில்லை. அவற்றுக்கு வரி போடும்போது கழித்த சம்பளத்தையும் கீழே வைத்து, அதற்கு மேல் வரும் விகிதத்தில்தான் போடுவார்கள்.

சொந்தக் காசில் வாடகை கட்டுபவர்களுக்கு வீட்டுச் செலவு விலக்கு என்று தனியாக ஒன்று உண்டு. 2025-இல் முதல் 20,800 டாலர் உங்கள் பாடு, அதற்கு மேல் பொதுவாக 39,000 வரை உள்ள செலவைக் கழிக்கலாம். செலவு மிகுந்த நகரங்களுக்கு மேல்வரம்பு அதிகம். சம்பளம் 1,30,000-ஐத் தாண்டாதவருக்கு இதனால் லாபம் ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: விலக்கா, கிரெடிட்டா?

ஏஜென்ட்டுகள் மட்டுமல்ல, பல வரி ஆலோசகர்களும் கண்ணை மூடிக்கொண்டு 2555-ஐ நிரப்பிவிடுகிறார்கள். எல்லோருக்கும் அது நல்லதில்லை. வெளிநாட்டில் கட்டிய வருமான வரியை அமெரிக்க வரியில் டாலருக்கு டாலர் கழித்துக்கொள்ளும் ஃபாரின் டாக்ஸ் கிரெடிட், ஃபார்ம் 1116, இன்னொரு வழி. ஒரே பணத்துக்கு இரண்டையும் கேட்க முடியாது.

அபுதாபி, தோஹா, ரியாத் போன்ற ஊர்களில் சம்பளத்துக்கு வரியே இல்லை. கழிக்க ஒன்றுமில்லாததால் விலக்குத்தான் ஒரே வழி. ஜெர்மனியில் நிலைமை நேர் எதிர். அங்கே கட்டும் வரி பெரும்பாலும் அமெரிக்க வரியைவிட அதிகம். கிரெடிட்டே போதும், மிச்சத்தைப் பத்தாண்டு வரை முன்னால் கொண்டுபோகலாம். குழந்தை இருந்தால் இன்னும் ஒரு காரணம். 2025-இல் ஒரு குழந்தைக்கு 1,700 டாலர் வரை ஐ.ஆர்.எஸ். கையில் கொடுக்கும் சைல்ட் டாக்ஸ் கிரெடிட், ஃபார்ம் 2555 போட்டவருக்குக் கிடையாது. இரண்டு பிள்ளைகளோடு மியூனிக்கில் இருக்கும் ஆசிரியர் யோசிக்காமல் 2555 போட்டால் 3,400 டாலரை விட்டுவிட்டு வருகிறார். ஐ.ஆர்.ஏ. ஓய்வுக்காலக் கணக்கிலும் இதே கதை: சம்பளம் முழுவதையும் விலக்கில் கழித்துவிட்டால், போடுவதற்குச் சம்பாத்தியமே இல்லை என்று ஆகிவிடும்.

மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இஷ்டத்துக்கு அல்ல. ஒருமுறை விலக்கைத் தேர்ந்தெடுத்துப் பிறகு கைவிட்டால், ஐ.ஆர்.எஸ். தனியாக அனுமதி தராமல் ஐந்தாண்டுக்கு அந்தப் பக்கம் திரும்ப முடியாது. இன்று ஜெர்மனி, மூன்று ஆண்டு கழித்து துபாய் என்று போகிற வாழ்க்கை இது. முதல் ஃபார்மை நிரப்பும்போதே இதை மனதில் வையுங்கள்.

ஆறாம் படி: வேலை செய்யும் நாட்டின் விலக்கு

ஏஜென்ட் சொன்ன "வரி கிடையாது" இதுதான். அமெரிக்கா பல நாடுகளோடு போட்டிருக்கும் வரி ஒப்பந்தங்களில் ஆசிரியர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கும். தென்கொரியாவில் அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தின் அழைப்பில் வருபவருக்கு இரண்டு ஆண்டு கொரிய வரி இல்லை. அரசுப் பள்ளிகளில் இது நடக்கும். ஹாக்வோன் எனப்படும் தனியார் டியூஷன் மையங்களில் பெரும்பாலும் நடக்காது. சீனாவில் மூன்று ஆண்டு. பிரிட்டனில் இரண்டு ஆண்டு, ஆனால் அங்கே தங்குவது இரண்டு ஆண்டைத் தாண்டினால் முதல் நாளிலிருந்து திருப்பி வரி கேட்கலாம். ஜப்பானில் முன்பு இரண்டு ஆண்டு இருந்தது. 2019 ஆகஸ்ட் 30-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ஒசாகாவில் போய் இறங்கியபின் ஏமாறுகிறவர்கள் உண்டு.

இந்திய ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவும் இதே வகை. அமெரிக்காவில் குடியிருந்தவர் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பாடம் நடத்தவென்று இந்தியா வந்தால், வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை அந்தச் சம்பளத்துக்கு இந்திய வரி இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் சென்னையிலோ கோவையிலோ கௌரவப் பேராசிரியராக வரும்போது இதைக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கேட்பதற்கு நீங்கள் அமெரிக்காவில் வரி கட்டக் கடமைப்பட்டவர் என்ற சான்றிதழ் வேண்டும். அதன் எண் 6166; விண்ணப்பம் ஃபார்ம் 8802; தனி ஆளுக்குக் கட்டணம் 85 டாலர். வந்துசேர வாரக்கணக்கில் ஆகும், முந்தைய ஆண்டு ரிட்டர்ன் ஃபைல் பண்ணியிருக்கவும் வேண்டும். எனவே விசாவுக்கு அலையும்போதே இதையும் அனுப்பிவிடுங்கள்.

இப்போது முடிச்சைப் பாருங்கள். இந்த ஒப்பந்தம் அமெரிக்க வரியைத் தொடாது. அங்கே வரி கட்டவில்லை என்றால் இங்கே கழிக்கக் கிரெடிட் இல்லை. ஆக, உள்ளூர் விலக்கு வாங்கியவர்தான் 330 நாள் கணக்கில் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும். எனக்கு இது யாராவது விமான நிலையத்திலேயே சொல்லியிருக்கலாம்.

ஏழாம் படி: நீங்கள் ஊழியரா, ஃப்ரீலான்ஸரா?

சம்பளச் சீட்டில் 3.3 சதவீதம் என்று ஒரே ஒரு பிடித்தம் மட்டும் இருந்தால், கொரியாவில் உங்களை ஊழியராக அல்ல, தனியாகத் தொழில் செய்பவராகப் பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் கட்டுவதிலிருந்து தப்பிக்கச் சில ஹாக்வோன்கள் செய்யும் வேலை இது. அமெரிக்கக் கணக்கிலும் அது எதிரொலிக்கும். 911 விலக்கு வருமான வரிக்கு மட்டும்தான். தனித்தொழில் செய்பவருக்கான 15.3 சதவீத செல்ஃப் எம்ப்ளாய்மென்ட் டாக்ஸை (சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் சேர்ந்தது) அது தொடாது. நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே அது வந்துவிடும். கொரியா, ஜப்பான், ஜெர்மனி போல அமெரிக்காவோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உள்ள நாடு என்றால், அங்கே கட்டுவதற்கான சான்றிதழைக் காட்டித் தப்பலாம். இந்தியா, சீனா, வியட்நாமோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. ஒழுங்காக ஊழியராகப் பதிந்து, கொரிய தேசிய ஓய்வூதியம் கட்டியிருந்தால், நாட்டை விட்டுக் கிளம்பும்போது அமெரிக்கர்களுக்கு அந்தத் தொகை பள்ளி கட்டிய பாதியோடு சேர்ந்து மொத்தமாகத் திரும்பக் கிடைக்கும்.

எட்டாம் படி: தேதிகள்

ஏப்ரல் 15 அன்று வெளிநாட்டில் வாழ்ந்து வேலை செய்பவருக்குக் கேட்காமலே ஜூன் 15 வரை அவகாசம் உண்டு. வரி பாக்கி இருந்தால் வட்டி மட்டும் ஏப்ரல் 15-இலிருந்தே ஓடும். ஃபார்ம் 4868 போட்டால் அக்டோபர் 15 வரை. மேலே சொன்ன ஆசிரியையைப் போல 330 நாள் இன்னும் நிறையாதவர் அவசரப்பட்டு ஃபைல் பண்ணக் கூடாது. நாள் நிறையும் வரை காத்திருக்கவே ஃபார்ம் 2350 இருக்கிறது. ஜூலை 14-இல் நிறைகிறவருக்கு 4868-ஏ போதும். டிசம்பர் 31-க்குக் காத்திருக்கும் இரண்டாவது வாசல்காரருக்குத்தான் 2350 தேவை.

வங்கிக் கணக்கு இன்னொரு தனி விவகாரம். வெளிநாட்டுக் கணக்குகளில் உள்ளதெல்லாம் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். இது ரிட்டர்னோடு போவதில்லை, ஐ.ஆர்.எஸ்.-க்கும் போவதில்லை, கருவூலத் துறையின் ஃபின்சென் தளத்தில் ஆன்லைனில் நிரப்புவது. ஏப்ரல் 15 கெடு, தவறினால் தானாகவே அக்டோபர் 15. மாதாமாதம் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிடுகிறேன், எனக்கு எங்கே 10,000 என்று நினைப்பீர்கள். கொரியாவை விட்டுக் கிளம்பும் மாதத்தில் கடைசிச் சம்பளம், ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை, திரும்பி வரும் ஓய்வூதியம் எல்லாம் ஒரே கணக்கில் விழும். தாண்டிவிடும். வரி எதுவும் இல்லை, தகவல் மட்டும்தான். ஆனால் கொடுக்காததற்கு அபராதம் 10,000 டாலருக்கு மேலும் போகலாம். அந்த அபராதம் கணக்குக்கு ஒன்று அல்ல, ஓர் ஆண்டு அறிக்கைக்கு ஒன்றுதான் என்று தெரியாமல் தவறியவர்கள் விஷயத்தில் 2023-இல் பிட்னர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஓர் ஆறுதல். வெளிநாட்டு நிதிச் சொத்து 2,00,000 டாலருக்கு மேல் இருப்பவர்களுக்கு ஃபார்ம் 8938 வேறு. புதிதாகப் போகும் ஆசிரியர்களில் அப்படி யாரையும் நான் பார்த்ததில்லை.

மாநில வரியையும் மறக்க வேண்டாம். டெக்சஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன் மாநிலத்துக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். கலிஃபோர்னியா 911 விலக்கை ஏற்பதில்லை. வேலை ஒப்பந்தத்தின்பேரில் தொடர்ந்து 546 நாளாவது வெளியே இருந்தால் உங்களை விட்டுவிடும். ஆனால் ஆண்டுக்கு 45 நாளுக்கு மேல் திரும்பி வந்து தங்கக் கூடாது. மறுபடியும் அதே கோடை விடுமுறை. சான் ஹோஸேயில் அம்மா வீட்டுக்கு இரண்டு மாதம் வருகிறவர் இதில் தேற மாட்டார்.

கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியக் குடிமகனாகவே கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் இந்த இரண்டு வாசலும் திறந்திருக்கின்றன. ஆனால் ஓராண்டுக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் கார்டே போய்விடும் ஆபத்து. கிளம்பும் முன் ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுப் போங்கள். வரி மிச்சம் பார்க்கப் போய்க் கார்டைத் தொலைத்தால் கதை வேறு.

ஏற்கெனவே சில ஆண்டு விட்டுப்போனவர்கள்

பயந்து ஒளிய வேண்டியதில்லை. தெரியாமல் விட்டவர்களுக்கென்று ஐ.ஆர்.எஸ். ஒரு வழி வைத்திருக்கிறது, ஸ்ட்ரீம்லைன்டு என்பார்கள். கடைசி மூன்று ஆண்டு ரிட்டர்ன், ஆறு ஆண்டு எஃப்பார், தெரியாமல்தான் விட்டேன் என்று விளக்கும் ஃபார்ம் 14653. வெளிநாட்டில் வாழ்பவருக்கு இதில் அபராதம் இல்லை, விட்டுப்போன ஆண்டுகளுக்கு 911 விலக்கையும் கேட்கலாம். முக்கியமான நிபந்தனை, ஐ.ஆர்.எஸ். உங்களைத் தேடி வருவதற்கு முன் நீங்கள் போக வேண்டும். அந்த விளக்கத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். எந்த ஆண்டு போனீர்கள், யார் என்ன சொன்னார்கள், எப்போது தெரிந்தது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நான் எழுதியதில் ஏஜென்ட்டின் அந்த ஒரு வரியும், குவாம் டிக்கெட்டும் இருந்தன. விமான டிக்கெட்டுகளையும் போர்டிங் பாஸ்களையும் தேதிவாரியாக அடுக்கி, எந்த நாள் எந்த மண்ணில் இருந்தேன் என்று ஓர் எக்செல் தாள் போட எனக்கு மூன்று வார இறுதி பிடித்தது. முகம் பார்த்துக் கதவு திறக்கும் விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டில் முத்திரையும் விழுவதில்லை. விமானத்தை விட்டு இறங்கியதும் ஃபோனில் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ள அரை நிமிடம்தான் ஆகும்.